சீர்ச் சேலைத் தொட்டில்

புதுக்களம்,
ராசிங்காபுரம் வழி,
22.7.1979

அன்புள்ள மாப்ளே ராஜாராமுக்கு,

உன் அக்கா புருஷன் திருப்பதி எழுதுவது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். உன் ஜீப்பு டிரைவர் அமாவாசை எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. கை என்னுடையது. பேனா பிச்சைமணி கடையில் வாங்கியது. மை பாதி தாளிலும் பாதி என் வேட்டியிலும் இருக்கிறது. வேட்டிக்காக உன் அக்கா காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும். அறுபது தாண்டிய ஒருத்தன் மையைக் கொட்டித் திட்டு வாங்குவது எவ்வளவு சுகம் என்று உனக்குத் தெரியாது. நீ சின்ன வயதிலேயே அதை வாங்கி முடித்துவிட்டாய்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்ல முடியும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை சாறு வற்றிப்போகிறது.

தை மாதம் காளைகளை விற்றேன் அல்லவா, அதிலிருந்து என் மாட்டுக்கொட்டம் காலியாகக் கிடந்தது. அதன் சுவரும் பள்ளிக்கூடத்துச் சுவரும் ஒன்றுதான், உனக்குத் தெரியும். உன் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்க வருகிற ஆயம்மாளின் மகள் பேச்சி, இடுப்பில் தம்பிப் பயலை வைத்துக்கொண்டு தினமும் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே டீச்சர் சொல்வதை வெளியே நின்று இவளும் சொல்வாள். பயல் அழுதால் ஓடிவிடுவாள். அழுகை அடங்கினால் திரும்பி வருவாள். ஆத்தாக்காரி விடியுமுன் உன் ஜீப்பில் மலை ஏறினால் இருட்டித்தான் இறங்குகிறாள். கைப்பிள்ளையை யார் பார்ப்பது? மூத்தது பெண்ணாக இருந்தால் அவள்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளின் படிப்பு இடுப்பிலேயே போய்விடுகிறது மாப்ளே.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "கொண்டா அவன இங்கிட்டு" என்று பயலை வாங்கிக்கொண்டேன்.

"அழுவான் தாத்தா."

"அழுதா நானும் சேந்து அழுதுக்கிறேன். நீ வெரசா உள்ள போ."

உன் அக்காவின் சேலை ஒன்றை எடுத்துக் கொட்டத்து உத்தரத்தில் தொட்டில் கட்டினேன். மறுநாள் இன்னொருத்தி தன் தங்கச்சியோடு வந்து நின்றாள். இப்போது உத்தரம் முழுக்கத் தொட்டில். நான் நடுவில் உட்கார்ந்து எல்லாக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். மூக்கணாங்கயிறு பிடித்த கைதானே, சோலி பழகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வீரலட்சுமி டீச்சர் அ சொல்லும்போது தொட்டில் போகும், ஆ சொல்லும்போது வரும். காதில் விழுந்ததைச் சாட்டைக்கம்பால் தரையில் எழுதிப் பார்த்தேன். டீச்சர் வீட்டுக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, கோணல் எழுத்தைக் காலால் அழித்து நேராகப் போட்டுவிட்டுப் போவார். அப்படியே வந்ததுதான் இந்தக் கடிதம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் வீட்டில் பழைய நூல்சேலை இருந்தால் கொடுத்தனுப்பு. புதுசு வேண்டாம். கஞ்சி விறைப்பு பிள்ளைகள் உடம்பை அறுக்கும். கட்டிக் கட்டித் துவைத்து மெத்தென்று ஆனதுதான் தொட்டிலுக்கு ஆகும்.

என் தங்கச்சி பொன்னுமணியைக் கேட்டதாகச் சொல். தாள் முடிந்துவிட்டது.

உன் மாமன்,
திருப்பதி
(இந்தப் பெயரை மட்டும் மூன்று தரம் எழுதிப் பார்த்துவிட்டு எழுதினேன்.)


எஸ்டேட்,
பூப்பாறை வழி,
2.8.1979

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

ராஜாராம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அமாவாசையைக் கூப்பிட்டு, "டேய், இது உன் வேலைதானே?" என்று கேட்டேன். "முதலாளி, நான் எழுதியிருந்தா இம்புட்டு அழகா வருமா?" என்கிறான். பொன்னுமணி வாங்கி இரண்டு முறை படித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். இத்தனை வயதில் இப்படி ஒரு ஆசை வந்தால் நாம் என்ன செய்ய முடியும்?

இங்கே மழை குறைவில்லை. ஏலச் செடிகளில் காய்ச் சரம் நன்றாக இறங்கியிருக்கிறது. ஆவணி பிறந்ததும் முதல் எடுப்பு. அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். பேச்சி மாதிரிப் பெண்கள் வழக்கம்போல ஆத்தாக்களோடு ஜீப்பில் ஏற வேண்டும். ஏலக்காய் தரையோடு தரையாகக் காய்க்கிறது. பெரியவள் குனிந்து இடுப்பொடிவாள். சின்னப் பெண்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து எடுத்துவிடுவார்கள். வீட்டுக்கும் அரையாள் கூலி கூட வரும். கைப்பிள்ளைகளையும் கொண்டுவரட்டும், போன வருஷம்போல மரத்தடியில் படுத்துக் கிடக்கட்டும். படிப்பு எங்கே ஓடிப்போகிறது? எடுப்பு முடிந்து மாசியில் படிக்கலாம்.

பழைய சேலை கேட்டதை, முதல் கடிதம் என்பதால் விட்டுவிடுகிறேன். நம் வீட்டுப் பெண்கள் கட்டிய சேலையைக் கூலிக்காரர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்கு முட்டிவலிக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ராஜாராம்


புதுக்களம்,
12.8.1979

அன்புள்ள மாப்ளே,

தைலம் வந்தது. உன் அக்கா முட்டியில் தேய்த்துக்கொண்டு தம்பி பெருமை பேசுகிறாள்.

பேச்சி ஏற மாட்டாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றிவளைத்து எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. மாசியில் படிக்கலாம் என்கிறாய். ஆவணியிலிருந்து தை வரைக்கும் மலையில் உட்கார்ந்து காய் எடுத்தவள் மாசியில் வந்து என்ன படிப்பாள்? மறந்ததைப் படிப்பாள். போன வருஷமும் அதையே படித்தாள். அதற்கு முந்தின வருஷமும் அதையே படித்தாள். ஒவ்வொரு ஆடியிலும் விதைத்து ஆவணியில் உழுது போட்டால் எந்தச் சம்சாரி உருப்படுவான்? மரத்தடியில் போட்ட பிள்ளைகளுக்குக் காலிடுக்கில் அட்டை கடித்த தழும்பு இருக்கிறது. நான் கழுவும்போது பார்க்கிறேன்.

இங்கே எனக்கு நடக்கும் கேலியைக் கேட்டால் நீ சந்தோஷப்படுவாய். டீக்கடையில் பால்காரன் சின்னச்சாமி எல்லார் முன்னாலும் கேட்டான்.

"என்ன திருப்பதியண்ணே, பிள்ளை பசிச்சு அழுதா நீங்க என்ன செய்வீக?"

"உன்னயத்தேன் கூப்பிடணும். ஊருக்கெல்லாம் பால் குடுக்கிறவன் நீதான?"

கடை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். மறுநாள் கறந்த கையோடு ஒரு சொம்பு பால் கொட்டத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்றுவரை நிற்கவில்லை. தண்ணீர் கலக்காத பால் மாப்ளே! சின்னச்சாமியிடம் அப்படி ஒன்று இருப்பதே ஊருக்கு இப்போதுதான் தெரியும்.

பிச்சைமணி கடையில் உடைந்துபோன சிலேட்டுக்குச்சிகளை ஒரு டப்பாவில் போட்டுத் தந்தான். உடைந்த குச்சியிலும் முழு எழுத்துதான் வருகிறது. பணியாரம் விற்கும் கருப்பம்மாள் கடையை ஏறக்கட்டிவிட்டு வந்து, "நீங்க போயி கஞ்சி குடிங்க, நான் ஆட்டுறேன்" என்று கயிற்றை வாங்கிக்கொள்கிறாள். கம்பங்காட்டுக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் ஒரு பிடி விறகு போடுகிறார்கள், பால் காய்ச்ச. யாரும் பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் வரிசை சுவர்வரைக்கும் நீண்டிருக்கிறது.

சேலைக்கும் பஞ்சமில்லை. நீ கொடுக்காவிட்டால் என்ன? விடியும்போது கொட்டத்து வாசலில் மூட்டை இருக்கிறது. கொடுத்தவர் யார் என்று நான் கேட்பதில்லை. ஒரு மூட்டையைப் பிரித்தால் கொட்டமே மணக்கிறது. அதில் படுத்த பிள்ளைகள் அழுவதேயில்லை.

உன் ஜீப்பில் ஆத்தாக்களுக்கு மட்டும் இடம் வை. அவர்கள் வருவார்கள்.

உன் மாமன்,
திருப்பதி


எஸ்டேட்,
பூப்பாறை வழி,
24.10.1979

மாமாவுக்கு, ராஜாராம் எழுதுவது.

தீபாவளிக்கு வந்தவன் சாப்பிடாமல் ஏன் கிளம்பினேன் என்று அக்கா கேட்டனுப்பியிருக்கிறாள். காரணம் இதுதான்.

உங்கள் கொட்டத்துக்குள் எட்டிப் பார்த்தேன். வாசலை ஒட்டித் தொங்கிய தொட்டில், போன பொங்கலுக்கு அக்காவுக்கு நான் சீராகக் கொண்டுவந்த கத்தரிப்பூ நிறச் சுங்குடி. மதுரைக்குப் போய் நானே நின்று எடுத்தது. அதில் ஆயம்மாள் மகன் படுத்திருக்கிறான். கீழே சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு தம்பி கூடப்பிறந்தவளுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சேலை கொண்டுபோவது எதற்கு? அவளுக்குப் பிறந்த வீடு இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது என்று நாலு பேர் பார்ப்பதற்குத்தான். நாலு பேர் பார்த்தார்கள். நான் ஜீப்பில் ஏறும்போது ஒருத்தன், "உங்க சீருல பிள்ளைக நல்லாத் தூங்குதுக முதலாளி" என்றான். என் முகம் எப்படி இருந்திருக்கும்?

ஆவணியில் நீங்கள் சொன்னதற்காகப் பெண்பிள்ளைகளை விட்டுவிட்டேன். இரண்டு எடுப்பும் இழுபறியாகவே முடிந்தது. உங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்ள என் எஸ்டேட்டுக் கூலிக்காரிகள் பெற்றதுதான் கிடைத்ததா?

இனி விட மாட்டேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து மகளோடு வருகிறவளுக்குத்தான் ஜீப்பில் இடம். மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும். பொங்கலுக்குச் சீர் வராது. சேலைகளை இறக்கித் துவைத்து அக்காவின் பெட்டியில் வைத்த பிறகு பேசுவோம்.

ராஜாராம்


புதுக்களம்,
4.11.1979

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்தை நான் எப்படிப் படித்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும்.

எனக்கு மனசுக்குள் படிக்க வராது. நீ கண்ணை ஓட்டினால் படித்துவிடுவாய். டீச்சரும் அப்படித்தான். எனக்கு வாயைத் திறந்தால்தான் எழுத்து நகரும். அதுவும் மாடு ஓட்டிப் பழகிய தொண்டை. தபால்காரர் உன் கடிதத்தைத் தந்த அன்று மழைக்காக ஜீப்பு வெள்ளனவே இறங்கிவிட்டது. ஆத்தாக்கள் எல்லாரும் பிள்ளைகளை வாங்க வந்து கொட்டத்து வாசலில் நின்றார்கள். உன் அக்கா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, "எந்தம்பி என்ன எழுதியிருக்கான், படிங்க" என்றாள். வெளிச்சத்தில் போய் நின்று படித்தேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு அடுத்த சொல் என்னவென்று தெரியாது மாப்ளே. "பிள்ளை" வந்தது. "இல்லாத" வந்தது. "குறை" என்று வாயை விட்டு வெளியே விழுந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. முன்பெல்லாம் அமாவாசை படிப்பான். அவன் விவரமானவன். இந்த மாதிரி இடம் வந்தால் இருமிக்கொண்டே தாண்டிப் போயிருப்பான். எனக்குத் தாண்டிப் படிக்க இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

உன் அக்கா அழவில்லை. கயிறு மட்டும் நின்றுபோனது. நான் தாளை மடிக்கப் போனேன். "மிச்சத்தையும் படிங்க" என்றாள். படித்தேன். அப்படித்தான் ஜீப்பு விஷயத்தை ஆத்தாக்கள் கேட்டார்கள். நான் யாரையும் தூண்டிவிடவில்லை. உன் எழுத்தை உன் எழுத்தாகவே படித்தேன்.

திங்கட்கிழமை விடிய உன் ஜீப்பு வந்து ஆலமரத்தடியில் நின்றது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அமாவாசை ஹாரன் அடித்துப் பார்த்தான்.

"ஏத்தா, ஏறுங்கத்தா. முதலாளி என் தோலை உரிச்சிருவாரு."

ஆயம்மாள் சொன்னாள்: "உரிச்சா உரிக்கட்டும்ணே. எம் பிள்ளைய அட்டைக்குக் குடுத்தது போதும். மக படிக்கக் கூடாதுன்னா நான் மட்டும் எதுக்கு ஏறணும்? ஏலக்கா வெடிச்சா வெடிக்கட்டும்."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். போகும்போது சிரித்துக்கொண்டு போனதாகக் கருப்பம்மாள் சொல்கிறாள். எனக்குத் தெரியாது. மறுநாளும் அப்படியே. கூலி இல்லாத வீடுகளுக்கு என் குலுக்கையைத் திறந்து கம்பு அளந்து போடுகிறாள் உன் அக்கா. பிள்ளைகள் ஆத்தாக்களிடம் இருப்பதால் கொட்டத்தில் தொட்டில்கள் சும்மா தொங்குகின்றன. ஆளில்லாத தொட்டிலை ஆட்டக் கூடாது என்று நான் தொட்டால்கூடக் கையில் அடிக்கிறாள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் சத்தம் குறையவில்லை. இந்த ஊரில் ஐப்பசி மாதம் அந்தச் சத்தம் கேட்டதேயில்லை என்கிறார் டீச்சர்.

சேலைக்கு வருகிறேன். உன் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குன்னு குடுத்தானா, ஊரு பாக்கணும்னு குடுத்தானா? எனக்குன்னா அது எஞ்சேல. ஊருக்குன்னா, ஊருப் பிள்ளை படுத்திருக்கு. ரெண்டுல எதுல தப்பு?"

உனக்குத் தெரிந்தால் எழுது. சொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். எல்லாப் பிள்ளை மூத்திரமும் ஒரே நாற்றம்தான் மாப்ளே. நான் கழுவிப் பார்த்தவன். நீ பார்க்காதவன். நீ குழந்தையாக இருந்தபோது உன்னுடையதைக் கழுவியவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வித்தியாசம் ஒன்றுமில்லை என்கிறாள்.

சேலை இறங்காது.

திருப்பதி


எஸ்டேட்,
பூப்பாறை வழி,
9.11.1979

மாமாவுக்கு,

பழம் செடியிலேயே வெடிக்கத் தொடங்கிவிட்டது. அணிலும் எலியும் தின்றது போக மிச்சத்தைத்தான் நான் பார்க்கிறேன். ஜீப்பு திங்கட்கிழமை வரும். ஏறுகிறவர்கள் ஏறட்டும். மகளை எங்கே விட்டாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சீர் விஷயத்தில் சொன்னது சொன்னதுதான்.

இதையும் சத்தமாகப் படியுங்கள்.

ராஜாராம்


புதுக்களம்,
20.1.1980

அன்புள்ள மாப்ளே,

நீ சொன்னபடி அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். "இதையும் சத்தமாகப் படியுங்கள்" என்ற வரியையும் சேர்த்துப் படித்துவிட்டேன். ஆத்தாக்கள் சிரித்த சிரிப்பில் தூங்கிய பிள்ளைகள் எழுந்துகொண்டன.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. எடுப்பு நல்லபடியாக நடக்கிறது என்று அமாவாசை சொல்லித்தான் தெரியும். பெண்கள் மத்தியானத்தில் பிள்ளை நினைப்பில் ஊருக்கு இறங்கும் பாதையைப் பார்ப்பதில்லை, மனசு ஊன்றிக் காய் எடுக்கிறார்கள் என்றான். நீயே எழுதியிருக்கலாம்.

ஊர்ச் செய்தி ஒன்று சொல்கிறேன். பேச்சி இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறாள். பஸ்சுப் பலகை, தீப்பெட்டி, பிச்சைமணி கடையில் பொட்டலம் கட்டும் தாள், எதையும் விடுவதில்லை. போன வாரம் ஆத்தா ஜீப்பிலிருந்து இறங்கும்போது அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். "ராஜாராம், ஏலத் தோட்டம், போடி." ஆயம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"முதலாளி பேரா அது? அடப்பாவி மகளே, சாமி பேருன்னுல இம்புட்டு நாளும் தொட்டுக் கும்பிட்டு ஏறுனேன்!"

இப்போது கும்பிடுவதில்லை. மிதித்து ஏறுகிறாள். கோபித்துக்கொள்ளாதே, ஏற வேறு இடமில்லை.

பொங்கல் வந்தது. சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் தெரிந்ததை எழுதாமல் விடுவதற்காகவா நான் எழுதக் கற்றேன்? உன் அக்கா அன்று விடியுமுன் குளித்துவிட்டாள். பானை பொங்கியதும் வாசலுக்கு வந்தாள். உள்ளே போனாள். திரும்ப வந்தாள். கோலத்தைச் சரி செய்கிற மாதிரி ஆலமரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பு எதுவும் வரவில்லை. மத்தியானம் பழைய சேலையையே துவைத்துக் கட்டிக்கொண்டு எனக்கு இலை போட்டாள். "சேல என்ன சேல, வெத்தலையாச்சும் குடுத்துவிட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது ஒன்று நினைத்தேன். உள்ளே போய் அந்தச் சுங்குடியை இறக்கி, துவைத்து, அவள் பெட்டியில் வைத்து, "உன் தம்பி வந்துவிடுவான்" என்று சொல்லிவிடலாமா என்று. எழுந்துகூட விட்டேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அதுல கைய வச்சீங்க, நானே உங்கள வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்றாள்.

ஆகையால் இது உன் மாமன் பிடிவாதம் என்று நினைக்காதே. உன் வீட்டுப் பெண்ணின் பிடிவாதம். நான் கயிறு பிடிக்கிறவன், அவ்வளவுதான். நீ வந்தால் சாப்பாடு இருக்கிறது. தொட்டிலும் இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுப் போ.

உன் மாமன்,
திருப்பதி


எஸ்டேட்,
பூப்பாறை வழி,
3.2.1980

அன்புள்ள மாமாவுக்கு,

ராஜாராம் எழுதுவது. உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். உங்களுக்கு எழுதுவது இப்போது கஷ்டமாக இருக்கிறது. ஊருக்கே எழுதுகிற மாதிரி இருக்கிறது.

நேற்று ஒரு பத்திரம் தேடிப் பொன்னுமணியின் பெட்டியைத் திறந்தேன். அடியில் இரண்டு பட்டுச்சேலை கிடந்தது. மற்றபடி பெட்டி காலி.

"சேலையெல்லாம் எங்கடி போச்சு?"

"கீழ போச்சு."

"யாரு கொண்டுபோனா?"

"உங்க ஜீப்புதேன்."

அமாவாசையைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். ஆடியிலிருந்தே சாக்குகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான். ஏலக்காய்ச் சாக்கு. கொட்டமே மணக்கிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு சுங்குடிக்காக நான் குதித்தேன். என் வீட்டுப் பெட்டி முழுக்க உங்கள் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது என் கண்ணுக்கு அந்த ஒன்றுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் என் பெண்டாட்டி கட்டியது என்றுகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதைச் சொல்லித்தான் அவள் நேற்று முழுக்கச் சிரித்தாள்.

"எங்க அண்ணன் இந்த வயசுல கை நோக எழுதி மொதமொத கேட்டது. இல்லைன்னு எப்படிச் சொல்றது? நீங்க சொன்னீக. நான் சொல்லல" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மதினி மனசு நோக, பிள்ளை இல்லாத குறைன்னு எழுதுனீகளே ஒரு வரி, அத அமாவாசை எங்கிட்டச் சொன்னான். அதுக்கப்புறம் இன்னும் நாலு சேல குடுத்துவிட்டேன்" என்றாள்.

அந்த வரி நான் எழுதியிருக்கக் கூடாத வரி மாமா. இதை மனசுக்குள் படிக்க வேண்டாம். அக்கா பக்கத்தில் இருக்கும்போது, சாயந்திரம் எல்லாரும் பிள்ளை வாங்க வரும்போது, வாசலில் நின்று படியுங்கள். அன்று போலவே படியுங்கள்.

அமாவாசையிடம் சீர் கொடுத்திருக்கிறேன். பச்சரிசி, வெல்லம், வெற்றிலை, பச்சை நிறத்தில் ஒரு சுங்குடி. தொட்டிலுக்கு வேண்டிய புதுக் கயிறு தனியாக ஒரு சாக்கில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பொன்னுமணியும் சாப்பிட வருகிறோம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். <u>பச்சைச் சேலை அக்கா கட்டுவதற்கு. தொட்டிலுக்கு இல்லை.</u> அடிக்கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ராஜாராம்


புதுக்களம்,
6.2.1980

அன்புள்ள மாப்ளே,

போஸ்ட்கார்டில் எழுதுகிறேன். வழியில் படிக்கிறவர்களும் படிக்கட்டும்.

வாசலில் நின்று படித்தேன். அந்த இடம் வந்தபோது இருமவில்லை. தாண்டவுமில்லை. அடிக்கோட்டை எப்படிச் சத்தமாகப் படிப்பது என்று தெரியவில்லை. அதனால் அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். எல்லாரும் கேட்டார்கள்.

உன் அக்கா பச்சைச் சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடனே கட்டினாள். கட்டியபடியே பாத்திரம் துலக்குகிறாள், விறகு பொறுக்குகிறாள், கழற்றினால் துவைக்கிறாள், காய்ந்தால் மறுபடியும் கட்டுகிறாள். "நல்ல சேலைய இப்படியா பாடாப்படுத்துறது?" என்று கருப்பம்மாள் கேட்டாள்.

"கஞ்சி வெறப்பு இன்னும் போகல. இப்பிருந்தே கட்டுனாத்தேன் ஆவணிக்குள்ள மெத்துனு ஆகும்" என்கிறாள்.

அடுத்த பொங்கலுக்கும் சுங்குடியே எடு.

உன் மாமன்,
திருப்பதி